எது இரைச்சல்?

1959-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 2-ஆம் நாள். நியூயார்க் நகரின் 30-ஆம் தெருவில், ஒரு காலத்தில் கிறித்தவ ஆலயமாக இருந்து பின்னர் ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றப்பட்ட கட்டடம் ஒன்றில், மைல்ஸ் டேவிஸ் என்னும் டிரம்பெட் கலைஞர் தம் குழுவினருடன் கூடி வாசித்தார். அன்று பதிவான மூன்று உருப்படிகள் அவ்வாண்டிலேயே 'கைண்ட் ஆஃப் ப்ளூ' என்னும் பெயரில் வெளிவந்த இசைத்தட்டின் முதற்பக்கமாயின. ஜாஸ் இசையில் அதைவிட மிகுதியாக விரும்பிக் கேட்கப்பட்ட தட்டு வேறொன்று உண்டா என்பது ஐயமே.

ஆயினும் அன்று ஒரு சிறு பிழை நேர்ந்துவிட்டது. கூடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பதிவுக் கருவிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுள் முதன்மையானது சற்றே மெதுவாகச் சுழன்றது. மெதுவாக ஓடிப் பதிந்த நாடாவை இயல்பான வேகத்தில் ஓட்டினால் இசை விரையும், சுருதியும் உயரும். எனவே அம்முதற்பக்கம் முழுவதும், கலைஞர்கள் உண்மையில் வாசித்ததைவிடச் சிறிது மேலான சுருதியிலேயே உலகெங்கும் விற்பனையாயிற்று. துணைக் கருவியில் சரியான வேகத்தில் பதிந்திருந்த நாடாவைக் கொண்டு இப்பிழை திருத்தப்பட்டது 1992-இல்தான். முப்பத்து மூன்று ஆண்டுகள்! அத்தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழக முயன்ற இளைஞர்களுள் எத்தனை பேர் கோளாறு தங்கள் கருவியில்தான் என்று எண்ணியிருப்பார்களோ, யார் அறிவார்?

இச்செய்தியை முதன்முதல் அறிந்தபோது நம் உள்ளத்தில் எழுந்த கேள்வி இது: அந்த முப்பத்து மூன்று ஆண்டுகளில் அவ்விசையைக் கேட்டு உள்ளம் கனிந்தவர்கள் கனிந்தது பொய்யாகவா? தவறான சுருதியிலும் அவர்கள் பெற்ற ஆறுதல் மெய்யானதுதான் என்றால், பழைய ஜாஸ் பதிவுகளைத் தேடித் தேடிச் சேர்ப்பதும், அவற்றின் ஒலித்தூய்மைக்காகப் பொருளையும் பொழுதையும் செலவிடுவதும் வெறும் செவியின் ஆசைதானா? அல்லது அதில் ஒரு நேர்மையும் இருக்கிறதா?

பிறர்மேல் வைத்துப் பேசுவது எளிது. இதை எழுதும் நம் அறையிலேயே அத்தட்டின் பழைய வடிவம் ஒன்றும், திருத்திய வடிவம் ஒன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டாவதை வாங்கியபோது நமக்கு நாமே சொல்லிக்கொண்ட காரணம், உண்மையைக் கேட்க வேண்டும் என்பது. அது எவ்வளவு உண்மை என்பதைத்தான் இங்கே ஆராய முற்படுகிறோம்.

முதலில் அவ்விசையின் இயல்பைக் கருத வேண்டும். அமெரிக்காவின் தென்கோடியில், நியூ ஆர்லியன்ஸ் நகரில், அடிமைகளாக விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்களிடையே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது ஜாஸ். ஐரோப்பிய இசைமேதைகள் தம் படைப்புகளைச் சுரக்குறிப்புகளாக எழுதிவைத்தனர். எனவே ஒரு கச்சேரி சிறக்காவிடினும் படைப்பு அழிவதில்லை. இன்னொருவர் நாளை நன்றாக வாசிப்பார். ஜாஸ் அப்படியன்று. கருநாடக இசையில் மனோதர்மம் என்று நம்மவர் வழங்குகிறார்களே, ஏறத்தாழ அதுவே அதன் உயிர். மெட்டு ஒரு சாக்கு. அந்த நொடியில், அந்த மனிதர், அந்த மூச்சில் கண்டெடுப்பதே இசை. அது காற்றில் கலந்தால் கலந்ததுதான். நியூ ஆர்லியன்ஸ் மக்கள் ஜாஸின் முன்னோடி என நினைவுகூரும் பட்டி போல்டன் 1907-இல் மனநோயாளர் இல்லத்தில் சேர்க்கப்பட்டு, 1931-இல் அங்கேயே இறந்தார். அவருடைய கார்னெட் எழுப்பிய ஒரு சுரமேனும் இன்று உலகில் இல்லை. அவரைக் கேட்டவர்களின் வியப்பு மட்டுமே ஏட்டில் இருக்கிறது.

ஆகவே ஜாஸைப் பொறுத்தவரை ஒலிப்பதிவே மூலச்சுவடி. ஓலைச்சுவடியில் ஓரெழுத்துச் சிதைந்தால் பொருள் மாறிவிடும் என்று அஞ்சிப் பதிப்பாசிரியர் பாடுபட்டால் அதை ஆடம்பரம் என்போமா? சேகரிப்பாளரின் கவலையை நாம் முதலில் இந்தக் கண்கொண்டே பார்க்க வேண்டும்.

அச்சுவடிகள் எந்நிலையில் எழுதப்பட்டன என்பதை எண்ணினால் நெஞ்சு நெகிழும். 1925-ஆம் ஆண்டளவில் மின் ஒலிவாங்கி வழக்கிற்கு வரும்வரை, இசைவாணர்கள் பெரியதொரு புனலின் முன் நெருங்கி நின்று வாசித்தனர். புனலின் மறுமுனையில் அதிர்ந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கீறிச் சென்றது. பக்கம் ஒன்றுக்கு ஏறத்தாழ மூன்று மணித்துளிகள். அதற்குள் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்துவிட வேண்டும். 1923 ஏப்ரலில் இந்தியானா மாநிலத்து ரிச்மண்ட் என்னும் ஊரில், ஜென்னட் நிறுவனத்தின் கூடத்தில், கிங் ஆலிவரின் குழு இவ்வாறு பதிவு செய்தது. இரண்டாம் கார்னெட் வாசித்த லூயி ஆம்ஸ்ட்ராங்கிற்கு அப்போது வயது 21. அவருடைய ஒலி மற்றவர்களை அமிழ்த்திவிடும் என்பதால் அவரைப் பல அடிகள் பின்னே தள்ளி நிறுத்தினார்கள் என்று, அக்குழுவில் பியானோ வாசித்தவரும் பின்னர் அவரை மணந்தவருமான லில் ஹார்டின் நினைவுகூர்ந்திருக்கிறார். பெருமுரசு முழங்கினால் ஊசி துள்ளிவிடும். எனவே பேபி டாட்ஸ் மரக்கட்டைகளைத் தட்டித் தாளம் காட்டினார். கூடத்தை ஒட்டி இருப்புப்பாதை சென்றதால், தொடர்வண்டி வரும்போதெல்லாம் பதிவை நிறுத்திக் காத்திருந்தனர்.

இங்கே சொல்லாமல் கடந்துபோக இயலாத ஒன்று உண்டு. அதே தொழிற்சாலையில், அதே பத்தாண்டில், காசு கொடுத்துக் கேட்டவர்களுக்காகக் கூ க்ளக்ஸ் க்ளான் என்னும் நிறவெறி இயக்கத்தின் பாடல்களும் தட்டுகளாக அழுத்தப்பட்டன. அழுத்து பொறிக்கு எது இசை, எது வெறுப்பு என்று தெரியாது. ஒலி தூயதாக இருப்பதனால் மட்டும் ஒன்று நல்லதாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அத்தட்டுகளைப் பிணைத்த அரக்கு, நம் இந்திய மண்ணின் மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் தந்தது. உலகப்போரின்போது 1942-இல் அமெரிக்க அரசு அரக்கின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தவே, பழைய தட்டுகளைத் திரட்டி, உடைத்து, அரைத்துப் புதிய தட்டுகள் செய்தனர். எத்தனை குரல்கள் அந்த அரைப்பில் மடிந்தனவோ! பதிவு செய்த நிறுவனங்கள் பலவும் தம் உலோக அச்சுகளைப் பேணவில்லை. பரண்களிலும் பழைய சாமான் கடைகளிலும் முழந்தாளிட்டுத் தேடிய சில சேகரிப்பாளர்கள் காப்பாற்றிய தட்டுகளே பல பதிவுகளுக்கு இன்று எஞ்சியிருக்கும் மூலப்படிகள். பித்தர்கள் என்று அண்டை அயலார் எள்ளிய அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இனி, காப்பாற்றியதைத் தூய்மை செய்யும் பணி. பழைய தட்டை ஓட்டினால் முதலில் கேட்பது 'சர்' என்னும் இரைச்சலும், இடையிடையே 'டக்', 'டக்' என்னும் வெடிப்பும். இரைச்சலை வடிகட்டுவது எளிது. இன்றைய கணினி நொடியில் செய்துவிடும். இடர் எங்கே என்றால், அந்தச் 'சர்' ஒலியும் இசையின் மேல்நுனிகளும் ஒரே இடத்தில் குடியிருக்கின்றன. சிம்பலின் மின்னலும், கிளாரினெட் வாசிப்பவர் இழுக்கும் மூச்சும், நாணல் உதட்டில் உரசும் உயிர்ப்பும் அங்கேதான் இருக்கின்றன. கோதுமையோடு களையும் வளர்ந்த வயலைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை நாம் அறிந்ததே. களையைப் பிடுங்கும் அவசரத்தில் கோதுமையும் பிடுங்கப்பட்டுவிடும். முற்றிலும் இரைச்சல் நீக்கி வெளியிடப்பட்ட சில குறுந்தட்டுகளைக் கேட்டால், கலைஞர்கள் கம்பளியால் முகத்தை மூடிக்கொண்டு வாசிப்பதுபோல் இருக்கும். ஒற்றைத்தடப் பதிவுகளை இருதட ஒலியாகச் செயற்கையாய்ப் பிளந்து விற்ற கொடுமையும் 1960-களில் நடந்தது. அதுபற்றி மேலே பேச விருப்பமில்லை.

ஆங்கிலேயரான ஜான் ஆர். டி. டேவிஸ் (1927-2004) வேறு வழியில் சென்றார். தாமே ஜாஸ் கலைஞரான அவர், பழைய தட்டு ஒவ்வொன்றின் பள்ளத்திற்கும் பொருந்தும் ஊசியைத் தேர்ந்து, அது பதிவான வேகத்தைக் கணித்து (78 சுற்று எனப் பெயர்பெற்ற தட்டுகள் எல்லாம் 78 சுற்றில் பதிவானவை அல்ல), காந்த நாடாவில் பதிந்து, பின்னர் ஒவ்வொரு 'டக்' ஒலியும் விழுந்த புள்ளியைத் தேடி, அங்குள்ள பூச்சைக் கத்திமுனையால் மெல்லச் சுரண்டி எடுப்பார். மூன்று மணித்துளி இசைக்கு எத்தனை மணிநேர உழைப்பு! அவ்வளவும் செய்தபின் அடியில் சிறிது இரைச்சலை அவர் விட்டுவைத்தார். அந்த இரைச்சலுக்குள் ஒரு மனிதரின் மூச்சு இருக்கலாம் என்னும் மதிப்பே அதற்குக் காரணம் என்று நாம் கொள்கிறோம்.

இவ்வளவு தூரம் வந்தபின், ஒலியின்மேல் அக்கறை கொள்வது நற்பண்பே என்று முடித்துவிடத் தோன்றுகிறது. ஆனால் புனித அகுஸ்தினார் நம்மை அவ்வளவு எளிதில் விடமாட்டார். தம் 'ஒப்புதல்கள்' நூலின் பத்தாம் பகுதியில் அவர் செவியின் இன்பங்களைப் பற்றித் தம்மைத்தாமே விசாரணை செய்கிறார். ஆலயத்தில் பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரலே தம்மை மிகுதியாக ஈர்க்கும்போது தாம் குற்றம் செய்வதாக ஒப்புக்கொள்கிறார். பாடுவதற்கும் பேசுவதற்கும் வேறுபாடு தெரியாவண்ணம் திருப்பாடல்களை வாசிக்கச் செய்த அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியாரின் வழியே பாதுகாப்பானதோ என்று தயங்குகிறார். ஆனால் மனமாற்றத்தின் தொடக்க நாள்களில் அந்தப் பாடல்களே தம்மைக் கண்ணீர் சிந்தவைத்ததையும் மறக்க மாட்டாமல், முடிவு சொல்ல இயலாது நிற்கிறார். மறைவல்லுநர் ஒருவர் தயங்கி நின்ற இடத்தில் நாம் தயங்காமல் நடந்துவிடலாகாது.

பொருளுக்கு உதவ வந்த ஒலி, பொருளின் அரியணையில் தான் ஏறி அமர்ந்துகொள்வதே அவர் கண்ட ஆபத்து. சேகரிப்பாளர் உலகில் இது நாள்தோறும் நிகழ்கிறது. 1939-இல் ஆல்ஃபிரட் லயன் என்னும் ஜெர்மானியக் குடியேறி நியூயார்க்கில் தொடங்கிய ப்ளூ நோட் நிறுவனத்தின் தட்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒத்திகைக்கும் கலைஞர்களுக்கு ஊதியம் கொடுத்த நிறுவனம் அது. அவற்றில் பெரும்பாலானவற்றைப் பதிவு செய்த ரூடி வான் கெல்டர், பகலில் கண்ணாடி பொருத்தும் கண் பரிசோதகர். 1959 வரை நியூஜெர்சியில் தம் பெற்றோர் வீட்டு வரவேற்பறையே அவரது ஒலிக்கூடம். எளிய இடத்தில் விளைந்த பொன். அந்தத் தட்டுகளின் முதற்பதிப்பை அடையாளம் காணச் சேகரிப்பாளர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பாடல் முடிந்து வட்டச்சீட்டு தொடங்கும் வெற்றிடத்தில், தட்டை அழுத்திய ஆலையின் சிறு குறி ஒன்று கீறப்பட்டிருக்கும். 'P' என்னும் ஆங்கில எழுத்துத்தான். ஆனால் பார்ப்பதற்குக் காதுபோல் இருப்பதால் அதைக் 'காது' என்றே வழங்குகிறார்கள். காது இருந்தால் ஒரு விலை, இல்லையேல் வேறு விலை. கண்ணால் காதைத் தேடுகிறார்கள். காதால் கேட்பது பிறகு. சிலர் கேட்பதே இல்லை.

அவ்வரிசையில் ஹாங்க் மோப்ளி என்னும் சாக்சபோன் கலைஞர் 1957-இல் பதிவு செய்த தட்டு ஒன்றின் முதற்பதிப்பு, இன்று பல ஆயிரம் டாலருக்குக் கைமாறுகிறது. மோப்ளி நுரையீரல் நோயாலும் வறுமையாலும் நலிந்து 1986-இல் இறந்தார். அவர் மூச்சு பதிந்த தட்டு ஏலத்தில் ஏறும்போது அதில் ஒரு காசும் அவருக்கோ அவர் நினைவுக்கோ போவதில்லை. சட்டப்படி இதில் தவறேதும் இல்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் அவருடைய மூச்சின் ஒவ்வோர் இழையையும் இழக்காமல் கேட்க விரும்புகிறேன் என்று சொல்லும் ஒருவர், அவர் மூச்சு முட்டி இறந்த கதையைக் கேட்க விரும்பாவிடில், அந்த விருப்பத்திற்கு என்ன பெயர் சொல்வது?

2022-இல் நடந்த மற்றொரு நிகழ்ச்சி. மூலநாடாவிலிருந்து எண்முறைக் கருவி எதுவும் குறுக்கிடாமல் நேரே வெட்டப்பட்டவை என்று பலரும் நம்பி, மிகுந்த விலை கொடுத்து வாங்கிய மறுபதிப்புத் தட்டுகள் பலவற்றில், நடுவே எண்முறைப் பதிவு ஒரு படியாக இருந்தது அமெரிக்காவில் வெளிப்பட்டது. நீதிமன்றம்வரை சென்றது வழக்கு. மறைத்தது தவறு, அதில் இருவேறு கருத்தில்லை. ஆனால் நம் சிந்தனையைத் தூண்டுவது வேறு. எண்முறை ஒலி ஒருகணம் காதில் பட்டாலும் கண்டுபிடித்துவிடுவோம் என்று பெருமை பேசிய சிலரே, அந்தத் தட்டுகளை ஆண்டுக்கணக்கில் போற்றிக் கேட்டுவந்தவர்கள். செய்தி வெளியான மறுநாள் தட்டின் ஒலி மாறவில்லை. மாறியது அவர்களின் மகிழ்ச்சி. அப்படியானால் அவர்கள் அதுவரை மகிழ்ந்தது ஒலியிலா, தாம் தேர்ந்த செவியர் என்னும் நினைப்பிலா? இக்கேள்வியை எழுதும்போதே நம் அலமாரியில் இருக்கும் இரண்டாம் தட்டு நம்மைப் பார்க்கிறது.

இன்னொரு வகையினரும் உண்டு. வில்லியம் சேவரி என்னும் ஒலிப்பொறியாளர் 1930-களின் பிற்பகுதியில் வானொலி நிகழ்ச்சிகளைத் தட்டுகளில் பதிந்துவைத்தார். வேறெங்கும் இல்லாத அரும்பதிவுகள் அவை. அவர் 2004-இல் காலமாகும்வரை வெளியார் மிகச் சிலரே அவற்றுள் ஏதேனும் கேட்டனர். 2010-இல் ஹார்லம் தேசிய ஜாஸ் அருங்காட்சியகம் அவற்றைப் பெற்றபோது சில தட்டுகள் சிதைந்துபோயிருந்தன. தாலந்தை மண்ணில் புதைத்தவன் என்று அவரைத் தீர்ப்பிட நமக்கு மனம் வரவில்லை; உரிமைச் சட்டங்கள் அவர் கையையும் கட்டியிருக்கலாம். புதைத்தவரும் அவரே, புதைப்பதற்கு ஏதேனும் இருக்கச் செய்தவரும் அவரே அன்றோ?

எனினும் ஏழைகள் இருக்க, ஒலிக்காக இவ்வளவு பணமா என்று கடிந்துகொள்வோருக்கு ஒன்று நினைவூட்ட வேண்டும். பெத்தானியாவில் மரியா விலையுயர்ந்த தைலத்தை ஆண்டவரின் காலடிகளில் பூசியபோது, முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கணக்குச் சொன்னவர் யார் என்பது நமக்குத் தெரியும். அன்பு சில வேளைகளில் கணக்கை மீறும். அந்த மீறலை ஆண்டவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் மரியாவின் கையில் தைலம் எஞ்சவில்லை. வீடு முழுவதும் மணந்தது, குடுவை வெறுமையாயிற்று. முத்திரை உடைக்காமல் குடுவையை அலமாரியில் வைத்து, விருந்தினருக்குக் காட்டி மகிழ்வோருக்கு இந்தப் பகுதி அடைக்கலம் தருமா என்பது நமக்கு ஐயமே.

சில மாதங்களுக்கு முன் நமக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லவேண்டும். ஜான் கோல்ட்ரேன் 1964 டிசம்பர் 9-ஆம் நாள், வான் கெல்டரின் புதிய கூடத்தில் பதிவு செய்த 'எ லவ் சுப்ரீம்' என்னும் தட்டை வாசகர் சிலர் அறிந்திருக்கலாம். போதைக்கு அடிமையாயிருந்து 1957-இல் இறையருளால் புதுவாழ்வு பெற்றதாகச் சான்று பகர்ந்த அவர், அத்தட்டை இறைவனுக்குக் காணிக்கையாக்கினார். அதன் நான்காம் பகுதிக்குத் 'திருப்பாடல்' என்று பொருள்படும் பெயரிட்டிருக்கிறார். அதில் யாரும் பாடுவதில்லை. தட்டின் உறையில் அச்சிடப்பட்டிருக்கும் தம் செபத்தை அவர் சாக்சபோனில், அசைக்கு அசை, சொல்லுக்குச் சொல் ஊதிச்செல்கிறார். உறையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் சொற்களைத் தொடர முடியும். அதற்குத்தான் நல்ல ஒலி வேண்டும் என்று நாம் வாதிட்டு வந்திருக்கிறோம். அன்று மாலை அவ்வாறே கேட்டுக்கொண்டிருந்தோம். பங்கு இல்லத்தின் கதவு தட்டப்பட்டது. நம் செவி அதை முதலில் எப்படி எடுத்துக்கொண்டது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்: இரைச்சல் என்று. இன்னும் இரண்டு மூன்று மணித்துளிகளே எஞ்சியிருந்தன. நாம் எழவில்லை.

செபத்தை இறுதிச் சொல்வரை தொடர்ந்துவிட்டுக் கதவைத் திறந்தபோது, முதிய தாய் ஒருவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். கணவரின் முப்பதாம் நாள் பூசைக்கு நாள் கேட்க வந்தவர். மன்னிப்புக் கேட்டோம்.

"இருக்கட்டும் சாமி. பாட்டுச் சத்தம் கேட்டுச்சு, முடியட்டும்னுதான் உக்காந்துட்டேன்" என்றவர், சற்றுத் தயங்கி, "உள்ள யாரு சாமி அழுதது?" என்றார்.

யாரும் அழவில்லை, அது ஓர் ஊதுகருவி என்று சொன்னோம். தலையை ஆட்டினார், நம்பியதாகத் தெரியவில்லை. பூசைப் பதிவேட்டை எடுத்து வந்து, திண்ணையிலேயே அவரருகில் அமர்ந்து, அவர் கணவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டோம்.